கூழ் குடித்த கோழிகள்

பாஞ்சாலி கல்யாணமாகி எறையாந்தாங்கலுக்கு வந்த முதல் மாதத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

மாமியார் கிருஷ்ணவேணி காலையில் வாய் கொப்பளிக்கும் சத்தம் தெருவுக்கே தெரியும். கொல்லையில் நின்று, அண்ணாந்து, தண்ணீரைத் தொண்டைக்குள் உருட்டு உருட்டென்று உருட்டி, கடைசியில் 'ஹா...த்தூ' என்று முடிப்பாள். ஒருநாள் அவள் பாயைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கொல்லையில் அதே உருட்டல், அதே 'ஹா...த்தூ'. "யாருடி அது, எனக்கு முந்தி நானு?" என்று எழுந்துபோய்ப் பார்த்தால், புது மருமகள் செம்பும் கையுமாக நிற்கிறாள். வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுப் பொன்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏமா, உங்க ஊர்ல பொண்ணுங்களுக்கு இதான் கத்துக் குடுத்து அனுப்புவாங்களா?"

"இல்லத்த. இது நானே கத்துக்கினது."

மண்டகப்பட்டில் பிறந்த பாஞ்சாலிக்கு அப்படியொரு தொண்டை. பஸ் கண்டக்டரின் விசில், அம்மன் கோயில் பூசாரி முத்துசாமி சாமி அழைக்கும்போது இழுக்கும் "ஏ...ய்", ரேடியோவில் வேளாண்மைச் செய்தி வாசிக்கிறவரின் மூக்கடைப்பு, எல்லாம் அவளிடம் இருந்தன. ஒருதரம் கேட்டால் போதும். மறுநாள் களை எடுக்கும் இடத்தில் அந்த ஆளே வந்து உட்கார்ந்த மாதிரி பேசுவாள். மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, பெண்கள் சிரித்துக் களைக்கொட்டைக் காலில் போட்டுக்கொண்ட கதையெல்லாம் உண்டு.

கிருஷ்ணவேணி ஒரு தண்டனை கொடுத்தாள். "இம்மாம் கொரலு வச்சிக்கினு மனுஷங்ககிட்ட பேசாத. கோழிங்க இருக்குது பாரு, அதுங்ககிட்ட போயி பேசு." அன்றிலிருந்து வீட்டுக் கோழிகள் பாஞ்சாலியின் பொறுப்பு. திறந்துவிடுவது, கூப்பிட்டு அடைப்பது, முட்டை தேடுவது, அடை வைப்பது, எல்லாம்.

அவளும் சொன்னபடியே கோழிகளோடு பேச ஆரம்பித்தாள். முட்டையிட்ட கோழியின் பெருமை ஒரு குரல். பருந்து வட்டமிடும்போது ஒரு குரல். அடையில் இருப்பது கிட்டப் போனால் அடித்தொண்டையில் உறுமுவது வேறு ஒன்று. குஞ்சுகளுக்குப் புழு காட்டும்போது வருகிற குரல் இருக்கிறதே, அதைப் பாஞ்சாலி செய்தால் பொன்னி வீட்டுக் குஞ்சுகளும் வேலி நுழைந்து வந்துவிடும். பொன்னி கத்துவாள்: "ஏய், என் குஞ்சிங்கள ஏமாத்தாதடி! அதுங்க அம்மா இங்க கீது!"

அடுத்த சில வருஷங்களில் தெருவில் கோழி பெருத்தது. பிறகு, எண்பத்திரண்டில், ஒரு கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தது.

அந்த நோயைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கோழி வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்கு இழுக்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் விழுந்துபோகும். ஒரு வீட்டில் தொடங்கினால் தெருவைத் துடைத்துவிட்டுத்தான் போகும். பாஞ்சாலியின் கூண்டு வெறும் கூண்டானது. அவள் அழுதுவிட்டு, கடைசியாகச் செத்த கோழியை மஞ்சப்பையில் போட்டு, பஸ் ஏறித் திண்டிவனம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். கண்டக்டர் பையைப் பார்த்து, "இன்னாமா, மாப்ள வூட்டுக்கு விருந்தா?" என்று கேட்டான். அவளுக்கு வாய் அடைத்த ஒரே பஸ் பிரயாணம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ராஜாமணி விரட்டவில்லை. மேஜைமேல் காகிதம் விரித்து, கோழியை அறுத்தார். தீனி இறங்கும் குழாய் முடிந்து, கல் அரைக்கும் பைக்கு முன்னால் இருக்கிற சின்ன வயிற்றைப் பிளந்து காட்டினார். "இத நல்லா பாத்துக்கம்மா. செவப்பா குத்திக் குத்தி வச்ச மாதிரி புள்ளி தெரியுதா? இதுதான் அந்த நோவோட கையெழுத்து. வந்தப்புறம் மருந்து கெடையாது. வர்றதுக்கு முந்தியே ஊசி போட்டுக்கணும். உங்க தெருவுல ஆள் சேத்தீன்னா நானே வர்றேன்."

இதைத் தெருவில் வந்து அவர் குரலிலேயே பேசிக் காட்டினாள். 'கையெழுத்து' என்று சொல்லும்போது அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வதையும் சேர்த்து. அந்தக் கண்ணாடிக்காகவே ஆள் சேர்ந்தது. வருஷா வருஷம் மாசி மாதம் டாக்டர் மொபெட்டில் வருவார். தெர்மாஸ் பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்து இருக்கும். பாஞ்சாலி வீடு வீடாகக் கோழியைப் பிடித்து இறக்கையை விரித்துக் காட்டுவாள். பூசாரி முத்துசாமி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஆத்தா பாத்துக்கற கோழிக்கு ஊசி எதுக்கு?" ஆனால் அவர் பெண்டாட்டி கோழியை முந்தானையில் மூடிக் கொண்டுவந்து ஊசி போட்டுக்கொண்டு போவாள்.

இப்படி எண்பத்தாறு ஆடி வந்தது.

எறையாந்தாங்கல் மாரியம்மனுக்கு ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். கேப்பை மாவும் நொய்யும் போட்டு, புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழ் அண்டா அண்டாவாக நிற்கும். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, பச்சை வெங்காயம். அந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று வேண்டுதல் அதிகம், கூழும் அதிகம். குடித்ததுபோக, சொந்தக்காரர்களுக்குத் தூக்குப்போணியில் கொடுத்ததுபோக, இரண்டு அண்டா மிச்சம்.

ஆத்தா கூழ் பிரசாதம். சாக்கடையில் கொட்டக் கூடாது. நாய்க்கு வைக்கக் கூடாது. மாட்டுக் கழுநீரில் கலந்தால் எச்சில் ஆகிவிடும் என்று ஒரு கட்சி. ஆகவே எறையாந்தாங்கலில் ஒரு பழக்கம்: மிஞ்சிய கூழைக் கோழிக்கு ஊற்றுவது. கோழி சாமிக்கு ஆகும் பிறவி, அதன் வயிற்றில் போனால் தோஷமில்லை என்பது கணக்கு. மற்ற வருஷங்களில் ஒரு சட்டி மிஞ்சும், கொத்திவிட்டுப் போய்விடும். இந்த வருஷம் இரண்டு அண்டா. அதுவும் வெயிலில் நின்று நுரைத்து, செவ்வாய்க்கிழமைதான் பூசாரி தன் கையால் எடுத்து ஊற்றினார். கோயிலுக்குப் பின்னால் இருந்த கல்தொட்டி நிரம்பியது. கூழோடு முருங்கைக்கீரை ஈர்க்குகளும் கொத்தாக மிதந்தன. தெருக்கோழிகள் பூரா கழுத்துவரை தின்றுவிட்டு, நடக்கமாட்டாமல் நடந்து வீட்டுக்குப் போயின. "பாரு, எம்மாம் சந்தோசமா துன்னுட்டுப் போவுது" என்றார் முத்துசாமி.

வியாழக்கிழமை காலையில் பொன்னி கத்தினாள்.

"பாஞ்சாலீ! ஓடியாடி! நோவு வந்துடுச்சிடி!"

பொன்னியின் கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, மூலைக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. தீனி போட்டால் பார்க்கக்கூட இல்லை. தண்ணியாக, வெள்ளையாகக் கழிந்திருந்தது. எதிர்வீட்டிலும் அப்படியே. பூசாரி வீட்டில் ஒன்று செத்தேபோயிருந்தது. பாஞ்சாலி தன் கூண்டைத் திறந்தாள். உள்ளிருந்து ஒன்றும் வெளியே வரவில்லை. மாமியார் தனக்கென்று வைத்திருந்த சந்தன நிறக் கோழி, வாசலில் தலையை வைத்துப் படுத்திருந்தது.

தெரு கூடிவிட்டது. கூடினால் பேச்சு ஒரு பக்கம்தான் போகும்.

"மாசி மாசம் ஊசி போட்டியேமா, இன்னா ஆச்சி ஊசி?"

"டாக்டரு கண்ணாடிய ஏத்தி ஏத்தி வுட்டாரே, அந்த ஊசியா?"

முத்துசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் அன்னிக்கே சொன்னேன். ஆத்தாளுக்கு மேல டாக்டரான்னு கேட்டேன். இப்ப ஆடி மாசத்துல வச்சி காட்டிட்டா பாத்தியா?"

இதற்குள் கூட்டேரிப்பட்டுக் கோழி வியாபாரி பெரியதம்பி சைக்கிளில் வந்து இறங்கினான். பின்னால் இரண்டு பக்கமும் மூங்கில் கூடை. செய்தி அவனுக்கு எப்படிப் போனதோ, நோய் போன வேகத்தைவிட அவன் வந்த வேகம் அதிகம். மூக்கால் பேசுகிறவன்.

"இன்னாங்க, எல்லாம் சொணங்கிக்கினு கீதுங்களே. நான் நல்லதுக்குத்தான் சொல்றேன். ஜல்தியா குடுத்துடுங்க. இன்னிக்கின்னா ஏதோ குடுத்துட்டுத் தூக்கினு போவேன். நாளைக்கி கழுத்து முறுக்கிக்கிச்சின்னா நான் தொடவும் மாட்டேன், நீங்க குழிதான் வெட்டணும்."

அவன் சொன்ன விலை முட்டைக்குச் சொல்லும் விலை. ஆனால் எண்பத்திரண்டில் குழி வெட்டியவர்கள்தான் அங்கே நின்றார்கள். ஒருத்தி ஏற்கனவே கோழியின் காலைக் கட்ட நார் தேடினாள். இந்தக் கோழிகள் கூடைக்குள் போனால் தெரு மறுபடியும் வெறும் தெரு. நாலு வருஷமாகக் குஞ்சு குஞ்சாகச் சேர்த்தது அத்தனையும் ஒரு சைக்கிளில் போய்விடும். ஊசி என்ற பேச்சையும் இனி யாரும் எடுக்கமாட்டார்கள்.

அவள் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நிற்பதே எல்லாருக்கும் புதிதாக இருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எண்பத்திரண்டில் இந்தத் தெரு முழுக்க ஒரு சத்தம் இருந்தது. கோழி வாயைப் பிளந்து, 'க்ர்ரேக்... க்ர்ரேக்...' என்று மூச்சுக்கு இழுக்கிற சத்தம். அதை மட்டும் அவள் யாருக்கும் பேசிக் காட்டியதில்லை. ஆனால் தொண்டையில் அப்படியே இருந்தது. இன்றைக்கு அந்தச் சத்தம் எந்த வீட்டிலும் இல்லை. மூச்சு சரியாக இருக்கிறது. அதற்குப் பதிலாக வேறு ஏதோ.

சந்தனக் கோழியை எடுத்து நெஞ்சோடு காதை வைத்தாள். 'களுக்... முளுக்...'

"இன்னாடி, போன் பேசறியா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"அத்த, இதோட கழுத்தப் புடிச்சிப் பாரேன்."

கழுத்துக்குக் கீழே, தீனி போய்ச் சேரும் பை, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கித் தொங்கியது. பொன்னி வீட்டுக் கோழியை எடுத்தாள். அதற்கும் வீக்கம், அமுக்கினால் தண்ணீர்ப்பை மாதிரி குலுங்கியது. அலகைப் பிரித்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, அப்படியே பொன்னியின் மூக்கில் நீட்டினாள்.

"இன்னா வாடைன்னு சொல்லு."

"சீ! புளிச்ச வாட."

"எதோட வாட?"

பொன்னி வாயைத் திறந்து, கோயில் பக்கம் பார்த்து, மூடிக்கொண்டாள்.

பாஞ்சாலி வீட்டுக்குள் ஓடினாள். அடுப்புக்குப் பக்கத்தில் கூடையில் அடையிருந்த கறுப்புக் கோழியிடம் கையை நீட்டினாள். அது ஒரே போடாகக் கொத்தி, அடித்தொண்டையில் உறுமியது. அவ்வளவு ஆரோக்கியமான கொத்தை அவள் வாழ்நாளில் வாங்கியதில்லை. ரத்தம் வந்த விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பாருங்க! அடைக்கோழி நல்லா கீது! இதுவும் ஒரே வூட்டுக் கோழிதான. நோவு வந்தா இத்த மட்டும் வுட்டுட்டுப் போவுமா? செவ்வாக்கெழம இது முட்டைய வுட்டு எந்திரிக்கல. தொட்டிப் பக்கம் வரல!"

"அதுக்கு?" என்றார் முத்துசாமி. குரல் மாறியிருந்தது.

"மாமா, உங்க வூட்டுல செத்த கோழியக் குடுங்க."

"எதுக்கு?"

"டாக்டரு சொன்ன கையெழுத்து இருக்குதான்னு பாக்கறேன்."

கொடுக்கமாட்டேன் என்றார். அவர் பெண்டாட்டி உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தெரு நடுவில் முறத்தைப் போட்டு, பாஞ்சாலி அரிவாள்மனையில் கோழியைப் பிளந்தாள். சின்ன வயிற்றைத் திறந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, விரலால் விரித்துக் காட்டினாள். வெள்ளையாக இருந்தது. ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. பிறகு தீனிப்பையைக் கிழித்தாள். நுரைத்த கூழ் முறத்தில் ஓடியது. அதோடு முருங்கை ஈர்க்குகள், கயிறு திரித்த மாதிரிச் சுருண்டு, ஒரு பந்து.

முன்னால் நின்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"நோவு இல்ல," என்றாள் பாஞ்சாலி. "கூழு. தீனிப்பையில அடைச்சிக்கினு புளிச்சிப் பொங்கிக்கினு கீது."

"அடியே!" முத்துசாமி குதித்தார். "ஆத்தா கூழயா குத்தம் சொல்ற? பிரசாதத்தையா? எம்மாம் கொழுப்பு உனக்கு!"

கிருஷ்ணவேணிக்கே தூக்கிவாரிப்போட்டது. "பாஞ்சாலி, வாய மூடு! கன்னத்துல போட்டுக்க!"

பாஞ்சாலி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டே பேசினாள். "ஆத்தா கூழு நல்ல கூழுதான் மாமா. நானு மூணு சொம்பு குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆவல. ஆனா வேண்டிக்கினது நாம. குடிக்கறேன்னு சொன்னது நாம. கோழி எங்க வேண்டிக்கினிச்சு? 'ஆத்தா, என் முட்ட நல்லா பொரிஞ்சா ரெண்டு அண்டா குடிக்கறேன்'னு எந்தக் கோழியாவது உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?"

கடைசி வரியை அவள் கோழிக் குரலில் சொன்னாள். வேண்டுமென்று செய்யவில்லை, வந்துவிட்டது. பின்னால் யாரோ ஒருத்திக்குச் சிரிப்புப் பீறிட்டது. பிறகு இன்னொருத்தி. முத்துசாமியின் பெண்டாட்டி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நார் தேடியவள் நாரைக் கீழே போட்டாள்.

பெரியதம்பிக்குக் கூடை காலியாகப் போகிற பயம். "எம்மா, நீ நல்லா பேசற. நானு ஒத்துக்கறேன். ஆனா நாளைக்கி எல்லாம் செத்துக் கெடந்தா?"

"நாளைக்கி காலையில வாண்ணே. ஒண்ணாவது கழுத்து முறுக்கிக்கினு கெடந்தா, எல்லாக் கோழியும் உன் கூடைக்கு. நானே தூக்கியாந்து வெக்கறேன்."

"அது மட்டும் பத்தாது," என்றாள் கிருஷ்ணவேணி. "அப்பறம் ஜென்மத்துக்கும் நீ யார் கொரலும் பேசக்கூடாது. ஒத்துக்கறியா?"

பாஞ்சாலி மாமியாரைப் பார்த்தாள். "சரித்த," என்றாள்.

அவள் புருஷன் சீனுவாசன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றான். "அப்ப இன்னிக்கிச் சோறு கெடையாதுன்னு அர்த்தம்" என்று மாட்டிடம் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

வேலை தொடங்கியது. முதல் கோழி பொன்னியுடையது. பாஞ்சாலி அலகில் நல்லெண்ணெய் நாலு சொட்டு விட்டு, தீனிப்பையை மெல்லப் பிசைந்தாள். இளகியதும் கோழியைத் தலைகீழாகப் பிடித்துக் கீழ்நோக்கி நீவினாள். புளித்த தண்ணீர் அலகு வழியாகக் கொட்டியது. எல்லாரும் 'ஆ' என்றார்கள். அந்த 'ஆ'வில் மயங்கி, இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்திருந்தாள். கோழி விறைத்தது. கண் மேலே போனது.

"கொன்னுட்டியேடி பாவி!" என்று பொன்னி பாய்ந்தாள்.

பாஞ்சாலி கோழியை நிமிர்த்தி, அலகைத் துடைத்து, முதுகில் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடியும் தட்டினாள். திடீரென்று கோழி ஒரு தும்மல் போட்டது. பொன்னியின் முகமெல்லாம் கூழ்.

"என் மேல தப்பு," என்றாள் பாஞ்சாலி. "தண்ணி மூச்சுக் கொழாயில போயிடுச்சி. ஒரேயடியா தொங்க விடக்கூடாது. ஒரு மூச்சு சாய்ச்சிட்டு ஒடனே நிமித்தணும். மூச்சு வாங்க வுட்டுட்டு மறுபடி சாய்க்கணும்."

அதன்பிறகு தவறு நடக்கவில்லை. தெருப் பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு, மடியில் ஆளுக்கொரு கோழி. எண்ணெய், பிசைவு, சாய்ப்பு, நிமிர்ப்பு. பாஞ்சாலி வரிசையில் நடந்தபடி, கைகள் ஓடுவதற்காகக் கண்டக்டர் குரல் போட்டாள்: "எறங்கு எறங்கு எறங்கு... முருங்கக்கீர எல்லாம் எறங்கு... கூழெல்லாம் முன்னாடி போ!" தெரு வாசல் பூராவும் புளித்த நாற்றமும் சிரிப்புமாக இருந்தது. இனி நாளை வரைக்கும் தானியம் கிடையாது, கல் உப்பு ஒரு துளி கரைத்த தண்ணீர் மட்டும் என்று கட்டளை போட்டாள். கூழ் குடித்த கோழிக்கு இரக்கப்பட்டு யாராவது நொய் போட்டால் கையை ஒடிப்பேன் என்றாள்.

எல்லாம் இளகியது, சந்தனக் கோழி இளகவில்லை.

மூன்று முறை எண்ணெய் விட்டாயிற்று. தீனிப்பைக்குள் பந்து கல்லாக நின்றது. கோழி தலையைத் தூக்கவில்லை. கிருஷ்ணவேணி பக்கத்தில் நின்று அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கோழியைக் குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தவள் அவள்.

"அத்த, இது அறுத்துத்தான் எடுக்கணும். திண்டிவனம் ஆஸ்பத்திரியில டாக்டரு ஒரு வாத்துக்குச் செஞ்சத நானு ஓரமா நின்னு பாத்தேன். அறுத்துடுவேன். தைக்கத்தான் கை வராது எனக்கு."

கிருஷ்ணவேணி புடவையை இழுத்துச் செருகினாள். "மல்லாட்ட மூட்டைக்கெல்லாம் வாய் தெச்சது யாரு இந்த வூட்டுல? நகரு."

ஊசியும் நூலும் கொதிக்கிற தண்ணீரில் போயின. புது சவர பிளேடையும் போட்டார்கள். பொன்னி இறக்கையையும் காலையும் பிடித்துக்கொண்டாள். பாஞ்சாலி தீனிப்பைக்கு மேல் இறகைப் பிடுங்கி, மஞ்சள் தண்ணீரால் துடைத்து, தோலை ஒரு கோடு கீறினாள். தோலுக்குக் கீழே பை தனியாகத் தெரிந்தது. அதை இன்னும் சின்னதாகக் கீறினாள். இரண்டு விரலை விட்டு இழுத்தாள். ஈர்க்கு ஈர்க்காக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, தீனிப்பையிலிருந்து பந்து அவிழ்ந்து வந்தது. முத்துசாமி எட்டிப் பார்த்துவிட்டு, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உள் பைய மொதல்ல தை அத்த. அப்பறம் தோலு. ரெண்டயும் சேத்துத் தெச்சிடாத, ஒட்டிக்கும்."

"எனக்கே சொல்லிக்குடு."

ஆனால் சொன்னபடிதான் தைத்தாள். மூட்டை தைக்கிற கை, கீரைத்தண்டு கனத்துக்கு ஊசியை நகர்த்தியது. ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. மஞ்சள் அப்பிக் கூடையில் வைக்கோல் போட்டு வைத்தார்கள். கோழி கண்ணை மூடிக்கொண்டது. "போயிடுச்சா?" என்று கிருஷ்ணவேணி கேட்டாள். பாஞ்சாலி காதை வைத்துக் கேட்டாள். "தூங்குது அத்த."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாஞ்சாலியை எழுப்பியது சத்தம்தான். தெருவில் அத்தனை கூண்டும் ஒரே நேரத்தில் திட்டின. பசியில் திட்டுகிற கோழியின் குரல் இருக்கிறதே, அதைவிட நல்ல பாட்டை அவள் கேட்டதில்லை. கூண்டைத் திறந்ததும் அவளை மிதித்துக்கொண்டு வெளியே ஓடின. தீனிப்பை தட்டையாக இருந்தது. பூசாரி வீட்டுச் சேவல் கல்தொட்டிமேல் ஏறி நின்று கூவியது. எதிர்வீட்டுச் சேவல் அதற்குப் பதில் கூவியது. மோரில் பிசைந்த கொஞ்சம் சோற்றை வைத்தார்கள். தட்டு காலியானது. எதிர்வீட்டில் ஒரு வயசான கோழி மட்டும் எழுந்திருக்கவில்லை. கழுத்து நேராகத்தான் இருந்தது.

சந்தனக் கோழி கூடையின் விளிம்புக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கிருஷ்ணவேணி ஒரு சோற்றுப் பருக்கையை நுனிவிரலில் வைத்து நீட்டினாள். அது பருக்கையை ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணால் பார்த்தது. கொத்திவிட்டு, இன்னும் கேட்டது.

"அடி என் ராசாத்தி" என்றாள் கிருஷ்ணவேணி. கோழிக்குச் சொன்னாளா, மருமகளுக்கா என்று பொன்னி கேட்டாள். "போடி, உன் வேலயப் பாரு" என்று பதில் வந்தது.

பெரியதம்பி வரவில்லை. ஏழு மணி பஸ் போயாயிற்று, எட்டு மணி பஸ்ஸும் போயாயிற்று. "வெக்கப்பட்டுக்கினு வரமாட்டான்" என்றார்கள். அவன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். இரண்டு கூடையும் நிறைந்திருந்தன.

"இன்னாண்ணே, வேற தெருவுல கெடச்சிடுச்சா?" என்றாள் பொன்னி.

பெரியதம்பி கூடையின் மூடியைத் திறந்தான். உள்ளே கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"எங்க வூட்டுக் கோழிம்மா." மூக்கால் பேசுகிறவன் இப்போது வாயாலும் சரியாகப் பேசவில்லை. "ஞாயித்துக்கெழம பூசாரி ஒரு பெரிய தூக்கு நெறய கூழு குடுத்து அனுப்பிச்சாரு. எம் பொண்டாட்டி மிச்சத்த... பிரசாதமாச்சே, கீழ ஊத்தக்கூடாதுன்னுட்டு..."

தெரு வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கவே நேரம் ஆனது. முத்துசாமிகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாஞ்சாலி சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கூடையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு மூக்கை அடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்: "இன்னாங்க, எல்லாம் சொணங்கிக்கினு கீதுங்களே. நான் நல்லதுக்குத்தான் சொல்றேன். ஜல்தியா குடுத்துடுங்க..."

பெரியதம்பியே சிரித்துவிட்டான். "அடிம்மா, அடி. அடிச்சிட்டுக் கோழியப் பாரு."

"குந்துண்ணே வரிசையில. கைய கழுவிக்கினு வா. உன் கோழிய நீதான் பிசையணும்."

அன்று மதியம்வரை கோழி வியாபாரி, தெருப் பெண்களுக்கு நடுவில் குந்திக்கொண்டு, பாஞ்சாலி அதட்ட அதட்ட, தன் கோழிகளுக்குத் தானே கூழ் எடுத்தான். ஒன்றுகூடச் சாகவில்லை. இதைவிடப் பெரிய விளம்பரம் அவளுக்குக் கிடைத்திருக்காது. கோழி வாங்கப் போகிற ஊரிலெல்லாம் அவன்தான் சொன்னான். மயிலத்திலிருந்தும் கூட்டேரிப்பட்டிலிருந்தும் ஆட்கள் துண்டில் சுற்றிய கோழியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கழுத்து முறுக்கியிருந்தால் அவள் தொடமாட்டாள். "இது டாக்டரு கேஸு, மத்த கோழிங்கள தனியா பிரிச்சி வை, அப்பறம் திண்டிவனம் போ" என்று அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றி விடுவாள். தீனிப்பை வீங்கியிருந்தால் மடியில் போட்டுக்கொள்வாள். அறுக்க வேண்டியிருந்தால் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். கிருஷ்ணவேணி புடவையைச் செருகிக்கொண்டு, ஊசியோடு வருவாள்.

ராஜாமணி டாக்டர் மறு மாசியில் வந்தபோது, சந்தனக் கோழியைக் கையில் தூக்கித் தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். தழும்பு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாருமா தெச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் கிருஷ்ணவேணி. "அறுத்தது அவ. ஊர்ல பேரு அவளுக்கு, வேல எனக்கு."

"ஐயோ, அத்த சொல்றத நம்பாதீங்க சார்" என்றாள் பாஞ்சாலி, அத்தையின் குரலிலேயே.

டாக்டர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கோழி நழுவித் தெருவில் ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு மாமியாரும் மருமகளும் ஓடினார்கள். சந்தனக் கோழி இருவருக்கும் முன்னால், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, பிடிபடாமல் போய்க்கொண்டே இருந்தது.